மலாவியின் கிராமத் திருச்சபைகளில் மூப்பர் பயிற்சி நடத்தும் முறை

மலாவி நாட்டுக் கிராமங்களுக்கு ஊழியம் செய்யப் போகிறவர், அங்கே திருச்சபை முன்பே வேரூன்றியிருக்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டே ஆயத்தங்களைத் தொடங்க வேண்டும். லிவிங்ஸ்டோனியா மிஷனைச் சேர்ந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் 1875இல் மலாவி ஏரிக்கரையிலுள்ள கேப் மக்ளியரில் வந்து இறங்கினார்கள். மறு ஆண்டு பிளான்டயரில் இன்னொரு மிஷன் தொடங்கியது. அதே 1876இல் தென்னாப்பிரிக்காவின் லவ்டேலிலிருந்து வந்த வில்லியம் கோயி என்ற கோசா இனச் சுவிசேஷகர், 1886இல் இறக்கும் வரை ஙோனி இன மக்களிடையே பணி செய்தார். இந்தப் பணிகளின் பலனாக 1924இல் மத்திய ஆப்பிரிக்க பிரஸ்பிட்டேரியன் திருச்சபை உருவானது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், இன்று இங்கோமா சினோடு (சினோடு என்பது ஒரு பெரும்பகுதியின் சபைகளை நிர்வகிக்கும் மன்றம்) எனப்படும் பகுதியும் அதில் இணைந்தது. ஆகவே நாம் போய்ச் சேரும் கிராமத்தில், தாத்தா காலத்திலிருந்தே ஞாயிறுதோறும் ஆராதனை நடக்கும் ஒரு கூடம் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அங்கே குறைவாக இருப்பது போதகர்களின் எண்ணிக்கைதான். ஒரே போதகரின் பொறுப்பில் பல ஜெப வீடுகள் இருக்கின்றன. அவர் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ முறைவைத்துச் சென்று திருவிருந்தும் ஞானஸ்நானமும் கொடுக்கிறார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கிப்பதும், நோயாளிகளைச் சந்திப்பதும், சண்டைகளைத் தீர்ப்பதும், இறந்தவர்களை அடக்கம் செய்வதும் மூப்பர்களின் வேலை. அவர்கள் நிலத்தில் உழைத்துப் பிழைப்பவர்கள். இறையியல் கல்லூரிக்குப் போனவர்கள் அல்லர். வெளியிலிருந்து வரும் ஒருவர் அந்த மூப்பர்களோடு ஒரு வாரம் உட்கார்ந்து வேதத்தைப் படிப்பதைவிடப் பயனுள்ள உதவி வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே வாரத்தில் ஏழு ஊர்களில் கூட்டம் நடத்திவிட்டுத் திரும்பும் பயணத் திட்டங்களில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதல் கடிதத்தை, அறிமுகமான தனிப் போதகர் ஒருவருக்கு எழுதாமல், அந்த வட்டாரச் சபைகளை நிர்வகிக்கும் மன்றமான பிரஸ்பிட்டரிக்கோ அதற்கு மேலுள்ள சினோடு அலுவலகத்துக்கோ எழுதுங்கள். தனியொருவர் வழியாக உள்ளே நுழைந்தால், வெளிநாட்டு நண்பரைக் கையில் வைத்திருப்பவர் என்ற பெயர் அவருக்கு வந்துவிடும். பிறகு சபைக்குள் எழும் பொறாமைக்கு நாமே காரணமாவோம். அழைப்புக் கடிதமும், தங்கும் காலத்துக்கு ஏற்ற அனுமதியும் திருச்சபையின் வழியாகவே வரட்டும். ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் கிராமத் தலைவரைப் போய்ப் பார்ப்பது கட்டாயம். அவர் எந்தச் சபையைச் சேர்ந்தவராயினும், எந்த மதத்தவராயினும், அவருக்குத் தெரியாமல் அந்நியர் ஒருவர் ஊரில் கூட்டம் நடத்துவது அவமதிப்பாகவே கொள்ளப்படும். உங்களை அவரிடம் அழைத்துச் சென்று அறிமுகம் செய்வது மூப்பர்களின் பொறுப்பு. நீங்களாகப் போய் நிற்கக் கூடாது.

நாள் குறிப்பதில் வேளாண்மைக் காலத்தைக் கேட்டு நடக்க வேண்டும். நவம்பரில் மழை தொடங்கியதும் மக்காச்சோளம் விதைக்கப்படுகிறது. ஏப்ரல் வரை மழை இருக்கும், பல மண் சாலைகளில் வண்டி போகாது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் பழைய தானியம் தீர்ந்து, புதியது விளையாமல், பல வீடுகளில் ஒரு வேளை உணவே அரிதாகிறது. அந்த நாட்களில் பயிற்சி என்று கூட்டினால் விருந்தினருக்குச் சமைக்க வேண்டிய சுமையும் அவர்கள் தலையில் விழும். அறுவடை முடிந்து, குளிர்ச்சியும் வறட்சியுமாக இருக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலமே உகந்தது. அப்போதும் ஊரில் ஒரு சாவு நேர்ந்தால் பாடம் நின்றுவிடும். அதற்காக வருந்தாமல், புத்தகத்தை மூடிவிட்டு எல்லாருடனும் துக்க வீட்டுக்குப் போங்கள். மூப்பர்கள் தங்கள் ஊழியத்தை எப்படிச் செய்கிறார்கள் என்பதை அங்கே நீங்கள்தான் கற்றுக்கொள்வீர்கள்.

மத்தியப் பகுதியிலும் தெற்கின் பெரும்பகுதியிலும் சிச்சேவா பேசப்படுகிறது, வடக்கே சிதும்புகா. ஏரியின் தென்முனையில் மங்கோச்சியைச் சுற்றி யாவோ மொழி பேசும் முஸ்லிம் மக்கள் மிகுதி என்பதால், அங்குள்ள சிறிய சபைகளின் சூழல் வேறு. மொழிபெயர்ப்பாளராக, ஆங்கிலம் சரளமாக வரும் இளைஞரைவிட வேதத்தை நன்கு அறிந்த, ஊர் மதிக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அவரிடம் முந்தின நாளே குறிப்புகளைக் கொடுத்து, விளங்காத இடங்களைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்போடு பேசும்போது ஒரு மணி நேரப் பாடத்தில் உங்களுக்குக் கிடைப்பது அரை மணி நேரமே. அதற்கேற்பக் குறைத்து எழுதுங்கள். முழு வேதாகமம் சிச்சேவாவில் 1922இலேயே வெளிவந்துவிட்டது என்றாலும், வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். முன்கூட்டியே விசாரித்து, தேவையான பிரதிகளை அந்நாட்டிலேயே வாங்குங்கள்.

பாடத்துக்கு ஒரே ஒரு வேத புத்தகத்தை எடுத்துக்கொள்வது நல்லது. மாற்கு சுவிசேஷம் ஒரு வாரத்துக்கு நன்கு பொருந்தும். காலையில் ஒரு பகுதியை இருவர் மூவர் உரக்க வாசிக்கட்டும். பிறகு வேதாகமத்தை மூடிவைத்துவிட்டு, ஒருவர் அதைத் தம் சொற்களில் சொல்ல, விட்டுப்போனதை மற்றவர்கள் எடுத்துக்கொடுக்கட்டும். எழுத்தறியாத மூப்பர் இதில் பின்தங்க மாட்டார்; கதை சொல்வதில் அவரே பலமுறை முந்திக்கொள்வார். அதன் பின் நான்கைந்து பேர் கொண்ட குழுக்கள் அந்தப் பகுதியிலிருந்து ஒரு சிறு பிரசங்கத்தை ஆயத்தம் செய்ய, மாலையில் ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் பிரசங்கிக்கலாம். பிரசங்கம் வேதப் பகுதி சொல்வதையே சொல்லிற்றா, கேட்ட விதவைக்கும் வாலிபனுக்கும் அதில் என்ன இருந்தது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் வைத்து மற்றவர்கள் கருத்துச் சொல்லட்டும். நீங்கள் கடைசியாகப் பேசுங்கள், சுருக்கமாக.

மூன்றாம் நாளளவில், பாடத்திட்டத்தில் இல்லாத கேள்விகள் வரும். இரண்டு மனைவியர் உள்ளவர் விசுவாசத்துக்கு வந்தால் இரண்டாம் மனைவியின் கதி என்ன? சேவா மக்களின் குலே வாம்குலு முகமூடி ஆட்டத்தில் சேர்ந்த இளைஞனைத் திருவிருந்திலிருந்து விலக்க வேண்டுமா? இவற்றுக்கு உடனடியாகத் தீர்ப்புச் சொல்லாமல், அவர்களுடைய சினோடின் ஒழுங்கு என்ன சொல்கிறது, முன்பு இத்தகைய வழக்கை எப்படித் தீர்த்தீர்கள் என்று கேளுங்கள். சேவா ஊர்களில் அந்த ஆட்டம் ஈமச் சடங்குகளோடும் பருவச் சடங்குகளோடும் பின்னிக்கிடக்கிறது. அதைப் பார்த்திராத ஒருவர் கூறும் கண்டனத்தால் மூப்பர்களுக்குப் பயன் ஏதுமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் தயங்காமல் பேச வேண்டும். ஒரு குழந்தை இறந்தாலோ மழை பொய்த்தாலோ, முதிய பெண் ஒருத்தியைச் சூனியக்காரி என்று சுட்டிக்காட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது அடிதடியிலும் சில வேளைகளில் கொலையிலும் முடிகிறது. ஒருவரைச் சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டுவதையே 1911ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியிருப்பதை மூப்பர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். சூனியம் உண்டா இல்லையா என்ற வாதத்தில் இறங்கினால் நாள் முழுதும் போய்விடும், யாரும் மனம் மாற மாட்டார்கள். அதைவிட, குற்றஞ்சாட்டப்பட்ட கிழவியின் வீட்டுக்கு அன்றிரவே இரண்டு மூப்பர்களும் இரண்டு பெண்களும் போய் உட்கார வேண்டும், தலைவரிடம் யார் பேசுவது, காவல் நிலையத்துக்கு யார் போவது என்று அவர்களே முடிவுசெய்து வைக்கும்படி தூண்டுங்கள்.

பெண்களைச் சமையலறையோடு நிறுத்திவிடாதீர்கள். பிளான்டயர் சினோடில் இம்வானோ என்றும் இங்கோமாவில் சிக்விரிசானோ என்றும் பெயர்கொண்ட பெண்கள் சங்கங்களே நோயாளிகளையும் துக்க வீடுகளையும் கவனிக்கின்றன. அவர்களுடைய தலைவிகளை முறையாக அழைத்து, சமையலுக்கு வேறு ஏற்பாடு செய்து, அதே வகுப்பில் உட்கார வையுங்கள்.

பணத்தைப் பற்றிப் பயணத்துக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். அரசுசாரா நிறுவனங்களின் கூட்டங்களுக்குப் போனால் படிக்காசு கிடைப்பது நாட்டு வழக்கமாகிவிட்டதால், இங்கும் சிலர் எதிர்பார்ப்பார்கள். கொடுப்பதில்லை என்பதைப் பிரஸ்பிட்டரி தன் கடிதத்திலேயே அறிவிக்கட்டும். வரும் சபைகள் மக்காச்சோள மாவு கொண்டுவர, எண்ணெய், உப்பு, பயறு, காய்கறி ஆகியவற்றின் செலவை நீங்கள் ஏற்கலாம். கட்டட உதவி கேட்டால், அங்குள்ள நல்ல பழக்கம் ஒன்று கைகொடுக்கும். சபையார் வறண்ட மாதங்களில் செங்கல் அறுத்துச் சூளை வைத்துச் சுவரை எழுப்பிய பிறகே, கூரைத் தகடுகளுக்கு வெளியாரிடம் உதவி கேட்பது பல இடங்களில் முறை. சுவர் எழும் முன் வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுப்பதையும் சினோடின் கணக்கு வழியாகவே கொடுங்கள். மிஷனெரிகளையும் பணத்தையும் சில காலம் நிறுத்திவையுங்கள் என்று கென்யாவின் பிரஸ்பிட்டேரியன் திருச்சபைத் தலைவர் ஜான் காட்டு 1971இல் கேட்டதற்குப் பின்னால், வெளிப்பணம் சபையின் முதுகெலும்பை வளைத்துவிடும் என்ற அனுபவம் இருந்தது.

உடல்நலத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. மலேரியாத் தடுப்பு மாத்திரையை மருத்துவர் சொற்படி பயணத்துக்கு முன்பே தொடங்கி, கொசுவலைக்குள் உறங்குங்கள். ஏரி எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அதில் நத்தை வழிப் பரவும் பில்ஹார்சியா நோய் இருப்பதை மறக்காதீர்கள்.

அடுத்த ஆண்டும் அதே சபைகளுக்கே போங்கள். இரண்டாம் முறை பாதிப் பாடங்களை முதல் ஆண்டு வந்த மூப்பர்களே நடத்தட்டும். மூன்றாம் முறை நீங்கள் பின்வரிசையில் உட்காரலாம். ஊருக்குத் திரும்பி ஆதரவாளர்களுக்கு அனுப்பும் அறிக்கையை, புறப்படுவதற்கு முன் சிச்சேவாவில் மூப்பர்களுக்கு வாசித்துக் காட்டச் செய்து, அவர்கள் திருத்தச் சொல்வதைத் திருத்தி, நீக்கச் சொல்லும் புகைப்படங்களை நீக்கிய பிறகே அனுப்புங்கள்.