இரவு நேர நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும்: வீட்டிலேயே தணிப்பதற்கான படிப்படியான செய்முறை

இரவு உணவை முடித்துப் படுத்த சிறிது நேரத்தில் நெஞ்செலும்புக்குப் பின்னால் எரிச்சல் கிளம்புவதும், புளித்த நீர் தொண்டை வரை எதுக்களித்து வருவதும், விடியும்போது வாய் கசந்து தொண்டை கரகரப்பதும் பல வீடுகளில் பழகிப்போன தொல்லைகள். இவற்றையெல்லாம் சேர்த்து "கேஸ்" என்றோ "அல்சர்" என்றோ சொல்லிவிட்டு, உடனே சீரகத்தையோ ஓமத்தையோ தேடுவது நம் வழக்கம். அஞ்சறைப் பெட்டிக்கு இதில் ஓர் இடம் உண்டு. ஆனால் இரவு நேர எதுக்களிப்பில் பெரும் பலன் தருபவை எப்போது சாப்பிடுகிறோம், எவ்வளவு சாப்பிடுகிறோம், எப்படிப் படுக்கிறோம் என்ற மூன்றும்தான். எனவே இந்தச் செய்முறையில் அவை முதலில் வருகின்றன; சீரகமும் சோம்பும் அவற்றுக்குப் பிறகே வருகின்றன.

தொடங்கும் முன்: இது நெஞ்செரிச்சல்தானா?

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிச் செல்லாதீர்கள். நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், இடது கை, தோள், தாடை அல்லது முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் ஆகியவற்றில் எது சேர்ந்திருந்தாலும் அதைக் கேஸ் என்று எண்ணி சோடா வாங்கிக் குடித்துக் காத்திருக்கக் கூடாது. மாரடைப்பும் மேல்வயிற்று எரிச்சலாகவே தொடங்கலாம். குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் நெஞ்சுவலியே பெரிதாகத் தெரியாமல் போவதுண்டு. தமிழ்நாட்டில் உடனே 108-ஐ அழையுங்கள்.

விழுங்கும்போது உணவு தொண்டையிலோ நெஞ்சிலோ சிக்குவது, காரணமின்றி எடை குறைவது, தார் போன்ற கறுப்பு மலம், இரத்த வாந்தி அல்லது காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, இரத்தசோகை ஆகியவை இருந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு வேலையில்லை. மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தபின் முதன்முறையாக இந்தத் தொல்லை தொடங்கினாலும் அப்படியே.

உள்ளே நடப்பது என்ன?

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. சுருக்குப்பையின் வாயைப் போல, உணவு இறங்கும்போது திறந்து, இறங்கியதும் இறுகிக்கொள்வது அதன் வேலை. இரைப்பையில் சுரக்கும் அமிலத்தின் பிஎச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் கடுமையானது) ஏறத்தாழ 1.5 முதல் 3.5 வரை இருக்கும். இரைப்பையின் உட்சுவரில் அதைத் தாங்கும் கோழைப் படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. அந்தத் தசை வேண்டாத நேரத்தில் தளர்ந்தாலோ, வயிற்றின் அழுத்தம் அதை மீறினாலோ அமிலம் மேலேறி எரிக்கிறது. ஆகவே பலருக்கு அமிலம் அதிகமாகச் சுரப்பது சிக்கல் அல்ல. அது இருக்க வேண்டிய இடத்தை விட்டு வெளியேறுவதுதான் சிக்கல். கர்ப்பகாலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் இத்தசை தளர்வதும், வளரும் கருப்பை இரைப்பையை மேலே தள்ளுவதும் சேர்ந்துகொள்வதால் அப்போது நெஞ்செரிச்சல் மிகுதியாகிறது.

பகலில் நிமிர்ந்து இருக்கும்போது புவியீர்ப்பு அமிலத்தைக் கீழே வைத்திருக்கிறது. மேலே வந்ததையும் விழுங்கும் உமிழ்நீர் கழுவிவிடுகிறது. உறக்கத்தில் இந்த இரண்டு துணையும் இல்லை. உமிழ்நீர் குறைகிறது, விழுங்குவதும் குறைகிறது. அதனால்தான் இரவை முதலில் சரிசெய்ய வேண்டும் என்கிறேன்.

படி 1: ஒரு வாரக் குறிப்பு

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் எழுதி வையுங்கள். பழைய நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்திகள் போதும்: சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது, படுத்த நேரம், எரிச்சல் வந்த நேரம். "இரவு 9.45, பரோட்டா இரண்டு, சால்னா, 10.20 படுக்கை, 11.30 புளியேப்பம்" என்ற அளவில் எழுதினால் போதும். நடுவில் கொறித்த மிக்சரையும் மாலைக் காப்பியையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான குறிப்புகளில் முதலில் கண்ணில் படுவது இரண்டாவது பத்திக்கு மேலாக முதல் பத்திக்கும் மூன்றாவது பத்திக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளிதான்.

படி 2: இரவு உணவை முன்னுக்குக் கொண்டுவருதல்

உணவுக்கும் படுக்கைக்கும் இடையில் 3 மணி நேரம் இருக்கட்டும். பத்தரைக்குப் படுப்பவர் ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும். கடையடைத்து வீடு திரும்பவே பத்து மணி ஆகிறது என்பவர்கள் முதன்மை உணவை ஏழு மணிவாக்கில் கடையிலேயே முடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்தபின் பசித்தால் ஒரு வாழைப்பழமோ சிறிதளவு கஞ்சியோ எடுத்துக்கொள்ளலாம். நேரத்தை முன்னுக்குக் கொண்டுவர முடியாதபோது அளவையாவது குறைத்துக்கொள்வது பயன் தரும்.

அளவைப் பொறுத்தவரை, அரை வயிறு உணவு, கால் வயிறு நீர், கால் வயிறு வெற்றிடம் என்று பெரியவர்கள் சொன்னது எதுக்களிப்புக்கு மிகப் பொருத்தமானது. ஏனெனில் இரைப்பை விரிய விரிய அந்த வளையத் தசை அடிக்கடி தளர்கிறது. இட்லியோ இடியாப்பமோ குழைந்த சாதமோ இரவுக்கு ஏற்றவை. எண்ணெயில் பொரித்தவையும் பிரியாணி போன்ற கொழுப்பு மிகுந்தவையும் இரைப்பையில் நெடுநேரம் தங்குவதால் அவற்றைப் பகலுக்கு மாற்றுங்கள். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பது பழமொழியானாலும், நன்றாக மெல்பவர் குறைவாக உண்டே நிறைவடைவார், காற்றையும் குறைவாக விழுங்குவார்.

உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டுதான். ஆனால் மதிய உணவுக்குப் பின் அந்தக் களைப்பைச் சாய்வு நாற்காலியில் தலையும் முதுகும் உயர்ந்திருக்கும்படி போக்கிக்கொள்ளுங்கள். தரையில் துண்டு விரித்துப் படுக்க வேண்டாம்.

படி 3: படுக்கையைச் சாய்த்தல்

என் பார்வையில் இந்தச் செய்முறையின் உயிர்நாடி இதுதான். தலைப்பக்கம் 15 முதல் 20 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். தலையணைகளை அடுக்குவது இதற்கு மாற்று ஆகாது. அப்படிச் செய்தால் கழுத்து மட்டும் வளைந்து, வயிறு மடங்கி, இரைப்பையின் மீது அழுத்தம் கூடும். இடுப்பிலிருந்து தலை வரை ஒரே சரிவாக உயர வேண்டும்.

மரக் கட்டில் என்றால் தலைப்பக்கக் கால்கள் இரண்டின் கீழும் செங்கல் வைக்கலாம். ஒரு செங்கலின் உயரம் ஏறத்தாழ 3 அங்குலம். படுக்கைவாட்டில் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் 6 அங்குலம், அதாவது 15 செ.மீ. கிடைக்கும். முதலில் கட்டிலின் கால்மாட்டைச் சுவரோடு ஒட்டித் தள்ளுங்கள். இல்லையேல் கட்டில் நகர்ந்து கால் செங்கலிலிருந்து இறங்கிவிடும். செங்கலுக்கும் கட்டில் காலுக்கும் இடையில் பழைய ரப்பர் மிதியடியின் துண்டையோ மடித்த சாக்கையோ வையுங்கள். ஒருவர் தூக்க மற்றவர் வைக்க, இருவராகச் செய்யுங்கள். வைத்தபின் கட்டிலை அசைத்துப் பார்த்து, ஆட்டம் இல்லை என்று உறுதியான பிறகே படுக்க வேண்டும். முதல் சில இரவுகளில் கீழே சறுக்குவது போலத் தோன்றும்; அதனால் ஒரு செங்கல் உயரத்தில் தொடங்கி, பழகியபின் இரண்டாவதை வைக்கலாம்.

அடியில் பெட்டி வைத்த கட்டில்களை இப்படி உயர்த்த முடியாது. அத்தகைய கட்டில் உள்ளவர்களும் பாயில் படுப்பவர்களும் ஆப்பு வடிவ மெத்தையைப் பயன்படுத்தலாம். அது இல்லாவிட்டால் கெட்டியான ஜமுக்காளங்களை இடுப்புப் பகுதியில் ஒரு மடிப்பும் தோள்பட்டையின் கீழ் மூன்று நான்கு மடிப்பும் வருமாறு படிப்படியாக அடுக்கி, மேலே ஒரு மெத்தை விரித்தால் சரிவு கிடைக்கும்.

இத்துடன் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். இரைப்பையின் பெரும்பகுதி உடலின் இடப்பக்கம் இருப்பதால், இடப்பக்கம் படுக்கும்போது அமிலம் தாழ்ந்த பகுதியில் தேங்கி, உணவுக்குழாயின் வாய் அதற்கு மேலே நிற்கிறது. வலப்பக்கம் படுத்தால் நிலைமை தலைகீழாகிறது. உறக்கத்தில் புரளும் பழக்கமுள்ளவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு நீளத் தலையணையை அணைவாக வைத்துக்கொள்ளலாம்.

படி 4: வயிற்றின் அழுத்தத்தைக் குறைத்தல்

உள்பாவாடை நாடாவை இறுகக் கட்டுவதும், பெல்ட்டைக் கடைசித் துளையில் மாட்டுவதும் நாள் முழுவதும் இரைப்பையை நெரிக்கின்றன. சாப்பிட உட்காரும் முன் அவற்றைத் தளர்த்துங்கள். சாப்பிட்ட கையோடு குனிந்து பெருக்குவது, தண்ணீர்க் குடம் தூக்குவது போன்றவற்றையும் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். வீட்டில் ஒரே பெண் எல்லா வேலையையும் செய்கிறார் என்றால் இந்த ஒரு மணி நேரத்தை அவருக்குக் கிடைக்கச் செய்வது மற்றவர்களின் பொறுப்பு.

தொப்பை உள்ளவர்கள் எடையைக் குறைத்தால் எதுக்களிப்பு குறையும் என்பது மருத்துவ உலகில் உறுதிப்பட்ட செய்தி. புகைபிடித்தலும் மதுவும் வளையத் தசையைத் தளர்த்துபவை. இவற்றை விடாமல் மற்ற படிகளை மட்டும் செய்வதில் பயன் குறைவு.

உதரவிதான மூச்சும் உதவும். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் இழைகள் அந்த வளையத் தசையைச் சுற்றி அமைந்து அதற்கு வலுவூட்டுகின்றன. நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு கையை மார்பிலும் மற்றதை வயிற்றிலும் வைத்து, மார்புக் கை அசையாமல் வயிற்றுக் கை மட்டும் உயரும்படி மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். உணவுக்குப் பின் ஐந்து முதல் பத்து நிமிடம் செய்தால் போதும்.

படி 5: எரிச்சலைத் தூண்டும் உணவுகளைக் கண்டறிதல்

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். அப்படிச் செய்தால் எது காரணம் என்பதே தெரியாமல் போகும். உங்கள் நோட்டில் திரும்பத் திரும்ப வரும் ஒன்றை மட்டும் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். வெறும் வயிற்றுக் காப்பி, மாலைக்குப் பிந்தைய டீ, புளிக்குழம்பு, தக்காளி மிகுந்த ரசம், பச்சை வெங்காயம், காரச் சட்னி, சாக்லேட், கோலி சோடா போன்ற வாயு நிறைந்த பானங்கள் ஆகியவை வழக்கமான தூண்டிகள். செரிமானத்துக்கு நல்லது என்று பலர் நாடும் புதினா வளையத் தசையைத் தளர்த்தக்கூடியது. ஆகவே இரவில் புதினா டீயையும் பெப்பர்மின்ட்டையும் தவிர்ப்பது நல்லது.

படி 6: அஞ்சறைப் பெட்டி

சீரக நீர்: ஒரு தேக்கரண்டி சீரகத்தை வெறும் வாணலியில் மணம் வரும் வரை வறுத்து, இரண்டு டம்ளர் நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். வெதுவெதுப்பாக ஆறியபின் உணவுக்கு அரை மணி நேரம் கழித்து, சிறு மிடறுகளாகக் குடியுங்கள். அமிலத்தை முறிக்கும் வலிமை சீரகத்துக்கு இல்லை. ஆனால் மிடறு மிடறாக விழுங்கும் நீர் உணவுக்குழாயில் ஒட்டிய அமிலத்தைக் கீழே கழுவிச் செல்கிறது, வயிற்று உப்புசமும் பலருக்குத் தணிகிறது. ஒரே மூச்சில் குடித்தால் இரைப்பை நிரம்பி எதிர்விளைவே உண்டாகும்.

சோம்பு: உணவுக்குப் பின் அரைத் தேக்கரண்டி சோம்பை நிதானமாக மெல்லுங்கள். மெல்லும்போது ஊறும் உமிழ்நீரில் உள்ள பைகார்பனேட் அமிலத்தை ஓரளவு நடுநிலையாக்குகிறது.

மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் சேர்த்துக் காரமின்றித் தண்ணிச்சாறாக வைத்து மதியத்தில் உண்ணலாம். நீர்மோர் ஒத்துக்கொள்பவர்களுக்கு அதுவும் பகலில் நல்லது, தயிர் புளித்திருக்கக் கூடாது. குளிர்ந்த பால் உடனே இதமளித்தாலும் அதிலுள்ள புரதமும் கால்சியமும் சற்று நேரத்தில் அமிலச் சுரப்பைத் தூண்டுவதால், நள்ளிரவில் பால் குடித்துப் படுப்பது சரியான வழி அன்று. இஞ்சி சிறிதளவு போதும். மிகுந்தால் அதுவே எரிக்கும்.

சிலவற்றில் எச்சரிக்கை தேவை. அதிமதுரம் இரத்த அழுத்தத்தை உயர்த்தி, பொட்டாசியத்தைக் குறைக்கக்கூடியது. இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். ஆப்ப சோடாவும் ஈனோ போன்ற உப்புகளும் எப்போதாவது ஒருமுறை உதவலாம். ஆனால் அவற்றில் சோடியம் மிகுதி என்பதால் இரத்த அழுத்தமோ இதய, சிறுநீரக நோயோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. விருந்து உண்டு வயிறு முட்டிய நிலையில் யாருமே ஆப்ப சோடா குடிக்கக் கூடாது. வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறும் ஆப்பிள் சிடர் வினிகரும் குடிப்பது இன்று பரவலாகியிருக்கிறது. இரண்டுமே அமிலங்கள், புண்பட்ட உணவுக்குழாயையும் பல் எனாமலையும் சேர்த்துக் கெடுக்கும்.

படி 7: மாத்திரைகளும் மருத்துவரும்

ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும், டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவையும் எரிச்சலைத் தரலாம். எந்த மாத்திரையையும் உட்கார்ந்தபடி ஒரு முழு டம்ளர் நீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் வளையத் தசையைத் தளர்த்துவதுண்டு. ஐயம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும், அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோப்ரசோல் வகை மாத்திரைகள் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு எடுத்தால்தான் சரியாக வேலை செய்யும். மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் தொடர்வது தவறு. நெடுநாள் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் சில வாரங்களுக்கு அமிலச் சுரப்பு முன்பைவிடக் கூடுவதும் உண்டு, ஆகவே குறைப்பதையும் அவர் மேற்பார்வையில் செய்யுங்கள்.

மேற்சொன்ன படிகளை மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் எரிச்சல் வந்தால், அல்லது இரவில் இருமலும் மூச்சடைப்பும் எழுப்பினால், மருத்துவரைப் பாருங்கள். உங்கள் நோட்டுப் புத்தகத்தையும் நீங்கள் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், நாட்டு மருந்து எடுத்தால் அதன் பெயரையும் கொண்டுபோங்கள். எண்டோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயை வாய்வழியே செலுத்திப் பார்க்கும் சோதனை) தேவையென்று மருத்துவர் கருதினால், சில மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார். எத்தனை மணி நேரம், காலை மாத்திரைகளில் எதை எடுக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை முந்தைய நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.