தொடக்ககால வீடியோ கேம் கன்சோல் வரலாற்றை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் கன்சோல்களின் வரலாற்றை அட்டாரியின் ‘பாங்’ விளையாட்டிலிருந்து தொடங்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. 1972 நவம்பரில் வெளிவந்த பாங், பொது இடங்களில் காசு போட்டு விளையாடும் இயந்திரம். அதன் வீட்டு வடிவம் 1975-இல்தான் சியர்ஸ் கடைகள் வழியாக விற்பனைக்கு வந்தது. மேக்னவாக்ஸ் நிறுவனமோ 1972-லேயே ‘ஒடிஸி’ கன்சோலை விற்கத் தொடங்கிவிட்டது. அதன் மூலக்கருத்தை 1966-இல் உருவாக்கியவர், சாண்டர்ஸ் அசோசியேட்ஸ் என்ற அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நிறுவனத்தில் பணியாற்றிய ரால்ஃப் பேர். பில் ஹாரிசன், பில் ரஷ் ஆகியோருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘பிரவுன் பாக்ஸ்’ என்ற மாதிரிக் கருவியே பின்னர் ஒடிஸியாக விற்பனைக்கு வந்தது.

அதே வேளையில், பாங் வெறும் நகல் என்று எழுதுவதும் நியாயமாகாது. அட்டாரியின் நோலன் புஷ்னெல் 1972 மே மாதத்தில் ஒடிஸியின் டேபிள் டென்னிஸ் ஆட்டத்தைப் பார்த்தார் என்பதும், மேக்னவாக்ஸ் தொடுத்த காப்புரிமை வழக்கு 1976-இல் உரிமத் தொகை செலுத்தும் உடன்பாட்டில் முடிந்தது என்பதும் உண்மையே. ஆனால் மட்டையின் எந்தப் பகுதியில் பந்து படுகிறதோ அதற்கேற்பக் கோணம் மாறுவது, ஆட்டம் நீளும்போது வேகம் கூடுவது, திரையிலேயே புள்ளிகள் தெரிவது, ஒலி எழுவது ஆகியவற்றையெல்லாம் சேர்த்து அதை ஓர் உயிருள்ள ஆட்டமாக்கியவர் அட்டாரியின் பொறியாளர் ஆலன் அல்கார்ன். ஒடிஸியில் ஒலியும் இல்லை, புள்ளிக் கணக்கும் இல்லை. ஆட்டத்துக்கேற்ற நிறத்தாள்களைத் தொலைக்காட்சித் திரைமேல் ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ரால்ஃப் பேர், ஆலன் அல்கார்ன் இருவரின் பங்கையும் தனித்தனியே மதிப்பிட்டால்தான் வரலாறு நேர்மையாக அமையும்.

ஒடிஸியில் செருகிய அட்டைகளைக் கேட்ரிட்ஜ் என்று குறிப்பிடுவது அடுத்த பிழை. ஒடிஸி நுண்செயலியோ நினைவகமோ இல்லாமல், டிரான்சிஸ்டர்களையும் டையோடுகளையும் கொண்டு அமைந்த கருவி. அந்த அட்டைகளில் நிரல் எதுவும் இருக்கவில்லை, கருவிக்குள் ஏற்கெனவே இருந்த மின்சுற்றுகளை வெவ்வேறு விதமாக இணைப்பதே அவற்றின் வேலை. நிரலைச் சிப்பில் பதிந்து விற்கும் கேட்ரிட்ஜ் 1976 நவம்பரில் வெளிவந்த ஃபேர்சைல்ட் நிறுவனத்தின் ‘சேனல் எஃப்’ கன்சோலோடுதான் வீடுகளுக்கு வந்தது. இப்பெருமையை ஜெரி லாசன் ஒருவருக்கே உரியதாக எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நீண்ட காலம் மறக்கப்பட்டிருந்த அந்தக் கறுப்பினப் பொறியாளருக்கு உரிய இடம் கிடைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் ஆல்பெக்ஸ் நிறுவனத்தின் வாலஸ் கிர்ஷ்னரும் லாரன்ஸ் ஹாஸ்கலும் முன்பே ஒரு மாதிரிக் கருவியைச் செய்திருந்தனர். அதை விற்பனைக்கு ஏற்ற பொருளாக்கியது லாசன் தலைமையிலான குழு.

1977-இல் வெளிவந்த அட்டாரி கன்சோலை ‘2600’ என்று அழைப்பது சிறிய பிழைதான். 1982 வரை அதன் பெயர் ‘வீடியோ கம்ப்யூட்டர் சிஸ்டம்’.

1983-இன் வீடியோ கேம் சந்தை வீழ்ச்சிக்கு அட்டாரியின் ‘ஈ.டி.’ விளையாட்டு ஒன்றையே காரணமாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதன் நிரலாளர் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா அதை ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் முடிக்க வேண்டியிருந்தது. தேவைக்கு மீறித் தயாரித்த கேட்ரிட்ஜ்கள் கடைகளில் தேங்கியதும், தரமற்ற விளையாட்டுகள் குவிந்ததும், கமடோர் 64 போன்ற வீட்டுக் கணினிகளின் விலை சரிந்ததும் சேர்ந்து உண்டாக்கிய நெருக்கடியின் பழியை ஒரு நிரலாளர்மீது சுமத்துவது முறையன்று. விற்காமல் தேங்கியதால் அட்டாரி நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோவில் புதைத்த கேட்ரிட்ஜ்கள் அனைத்தும் ‘ஈ.டி.’ பிரதிகளே என்ற நம்பிக்கையும் தவறு. 2014-இல் தோண்டியபோது வேறு பல விளையாட்டுகளும் கிடைத்தன.

அவ்வீழ்ச்சியை உலகம் முழுவதற்கும் பொதுவானதாகக் காட்டுவதையும் தவிர்க்க வேண்டும். அது முதன்மையாக வட அமெரிக்காவின் நெருக்கடி. பிரிட்டனில் அப்போது ஸ்பெக்ட்ரம் போன்ற கணினிகளுக்கான விளையாட்டுகள் பெருகிக்கொண்டிருந்தன. ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபேமிகாமும் சேகாவின் எஸ்ஜி-1000 கன்சோலும் 1983 ஜூலை 15 அன்று, ஒரே நாளில், விற்பனைக்கு வந்தன.