வீட்டிலேயே மோதிர அளவு எடுக்க, நூல் வேண்டாம், காகிதம் போதும்

மோதிர அளவு என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது நூலைத்தான். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். இறுக்கிச் சுற்றினால் நூல் சதையில் பதிந்து சின்ன அளவைக் காட்டும், அதையே ஸ்கேலில் வைத்து இழுத்துப் பிடித்தால் நீண்டு பெரிய அளவைக் காட்டும்.

சாதாரண வெள்ளைக் காகிதத்தில் சுமார் 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். அகலம் முக்கியம், வாங்கப்போகும் மோதிரம் எவ்வளவு அகலமோ அதே அகலத்தில் வெட்டுங்கள், ஏனென்றால் மெல்லிய வளையம் சுலபமாக ஏறும் விரலில் 6, 8 மி.மீ. அகல மோதிரம் அதே அளவில் இருந்தாலும் பிடிக்கும். பட்டையை விரலின் அடியில் சுற்றி, நுனி வந்து சேரும் இடத்தில் கூர்மையான பென்சிலால் கோடு போடுங்கள். நுனியிலிருந்து கோடு வரை எத்தனை மி.மீ. என்று அளந்தால் அதுதான் சுற்றளவு.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். அதே கோட்டில் பட்டையின் நுனியைச் சேர்த்து டேப் ஒட்டினால் ஒரு காகித மோதிரம் கிடைக்கும், அதைப் போட்டுப் பாருங்கள். மோதிரம் தாண்ட வேண்டியது விரல் மூட்டை, உட்காருவது அதற்குக் கீழே, பலருக்கு மூட்டுதான் பெரிதாக இருக்கும். மூட்டில் லேசாகத் தள்ளி ஏற்ற வேண்டும், கழற்றும்போது கொஞ்சம் பிடிக்க வேண்டும், ஆனால் கையை உதறினால் கழன்று விழக்கூடாது. அடியில் 52 மி.மீ., மூட்டில் 56 மி.மீ. என்று வந்தால் 54-ஐ ஒட்டி காகித மோதிரம் செய்து பார்த்து முடிவெடுங்கள்.

எப்போது அளக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். குளிரில் விரல் சுருங்கும், வெயிலிலும் உடற்பயிற்சிக்குப் பிறகும் உப்பு அதிகம் சாப்பிட்ட பிறகும் வீங்கும். கை இயல்பான சூட்டில் இருக்கும்போது, முக்கியமாக மாலையில், இரண்டு மூன்று நாள் அளந்து பாருங்கள். எந்தக் கையில் போடப் போகிறீர்களோ அந்தக் கையையே அளக்க வேண்டும், வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் வலது விரல் கொஞ்சம் தடிமனாக இருக்கும்.

சரி, வந்த எண்ணை என்ன செய்வது? ஐரோப்பாவில் பல இடங்களில் சுற்றளவு மி.மீ.தான் சைஸ், 54 என்றால் 54. விட்டம் கேட்டால் 3.14-ஆல் வகுங்கள், 54-க்கு 17.2 மி.மீ. வரும். அமெரிக்க எண்ணில் இது கிட்டத்தட்ட 7, அங்கே ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் விட்டத்தில் சுமார் 0.8 மி.மீ.தான் வித்தியாசம். அதனால்தான் பழைய மோதிரத்தின் விட்டத்தை ஸ்கேலால் அளப்பதை நான் நம்புவதில்லை, கண் 1 மி.மீ. தவறினால் ஒரு முழு சைஸுக்கு மேல் போய்விடும். சுற்றளவில் அதே 1 மி.மீ. தவறினால் அரை சைஸ்கூட மாறாது.

அச்சடித்துப் பார்க்கும் அளவு அட்டவணை என்றால் பிரிண்டரில் 100% என்று வைத்துவிட்டு, வந்த தாளில் இருக்கும் ஸ்கேலை நிஜ ஸ்கேலோடு வைத்துப் பாருங்கள். மொபைல் திரையில் அளக்கும் செயலி என்றால் ஏ.டி.எம். கார்டை வைத்துச் சரிசெய்யுங்கள், கார்டின் நீளம் உலகம் முழுக்க 85.6 மி.மீ.

அப்புறம், ஒருவருக்குத் தெரியாமல் பரிசாக வாங்குகிறீர்கள் என்றால் அவருடைய மோதிரம் ஒன்று கையில் கிடைத்தால் போதும். காகிதப் பட்டையைச் சுருட்டி உள்ளே விட்டு விரியவிடுங்கள், அது உட்சுவரோடு ஒட்டி நிற்கும், நுனி சேரும் இடத்தில் கோடு போட்டு எடுத்து அளங்கள். எந்த விரலில் போடும் மோதிரம் என்று மட்டும் முன்பே கவனித்து வையுங்கள். டங்ஸ்டன் மோதிரத்தையும், சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தையும் பிறகு பெரிதாக்கவோ சிறிதாக்கவோ பெரும்பாலும் முடியாது, அந்த வகையாக இருந்தால் பணம் கட்டும் முன் இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.