ஷெர்லாக் ஹோம்ஸை வேலூருக்குக் கூட்டி வருவது எப்படி? (மூன்று முறை சொதப்பியவளின் செய்முறை)

என்னுடைய முதல் ஹோம்ஸ் கதை இப்படி ஆரம்பிக்கும். 1892 ஜூலையில் துப்பறிவாளர் ஹோம்ஸும் அவருடைய நண்பர் டாக்டர் வாட்சனும் காட்பாடி ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். ஜட்கா பிடித்து வேலூர் வருகிறார்கள். கலெக்டர் ஆபீஸுக்குப் போய் ஒருவரைப் பார்த்துவிட்டு, ராத்திரி கோட்டைக் கோயில் மணியோசையைக் கேட்டபடி அகழிக் கரையில் நடக்கிறார்கள்.

இந்த நாலு வரியில் நாலு தப்பு இருக்கிறது. தெரியாமல் இருபத்திரண்டு பக்கம் எழுதி, வலைப்பூவில் போட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீங்கள் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் இந்தப் பதிவு.

ஃபேன் ஃபிக்‌ஷன் என்றால் என்ன என்று விளக்கப் போவதில்லை. பிடித்த ஆளை விட மனசில்லாமல் அவருக்கு நாமே அடுத்த கதை எழுதுவது, அவ்வளவுதான். நம் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. பழைய வட ஆற்காட்டு ஆரணிக்காரர் குப்புசாமி முதலியார் நூறு வருடத்துக்கு முன்பே ஆங்கிலத் துப்பறியும் நாவல்களை எடுத்து, ஆளுக்கும் ஊருக்கும் நம்மூர்ப் பெயர் வைத்து எழுதிக் குவித்தார். நான் பெயரை மாற்றவில்லை, ஆளையே ரயில் ஏற்றிக் கூட்டி வருகிறேன்.

படி 1: ஆளைத் தேர்ந்தெடுங்கள்

எனக்கும் சுஜாதாவின் துப்பறியும் வக்கீல்கள் கணேஷ்–வசந்த் என்றால் உயிர். ஆனால் இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்து 60 வருடம் வரை அவர் எழுத்துக்குக் காப்புரிமை உண்டு. சுஜாதா 2008-இல் இறந்தார். கணக்குப் போட்டால் 2068 முடிய வேண்டும். ஹோம்ஸை எழுதிய கானன் டாயில் 1930-இல் இறந்துவிட்டார், இங்கே அந்தக் கணக்கு எப்போதோ முடிந்தது. அமெரிக்காவில்கூட கடைசிக் கதைகள் 2023 ஜனவரி 1-இல் பொதுவுடைமை ஆகிவிட்டன. காசு வாங்காமல் நண்பர்களுக்காக யாரை வைத்தும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அது அவரவர் துணிச்சல். பின்னால் புத்தகமாகப் போடும் ஆசை இருந்தால் ஹோம்ஸ்தான் நிம்மதி.

படி 2: மூலத்தில் ஒரு ஓட்டை தேடுங்கள்

மூலம் மொத்தம் 4 நாவல், 56 சிறுகதை. எல்லாம் படிக்க வேண்டுமா என்று கேட்காதீர்கள். படிக்கப் பிடிக்காது என்றால் எதற்கு இந்த வேலை?

ஹோம்ஸ் 1891 மே மாதம் ஸ்விட்சர்லாந்தில் அருவியில் விழுந்து செத்துப்போனதாக உலகம் நம்புகிறது. 1894 ஏப்ரலில் திரும்பி வருகிறார். நடுவில் எங்கே இருந்தார் என்பதற்கு அவர் சொல்வது சில வரிதான்: சிகர்சன் என்ற நார்வேக்காரர் பெயரில் திபெத்தில் இரண்டு வருடம், அப்புறம் பாரசீகம், மெக்கா, கார்ட்டூம், கடைசியில் பிரான்ஸ். உலகம் முழுக்க ரசிகர்கள் இந்த மூன்று வருட ஓட்டையில்தான் புகுந்து விளையாடுகிறார்கள்.

என் முதல் தப்பு இங்கேதான். 1892-இல் அவர் திபெத்தில் இருக்க வேண்டும். இரண்டு வருடக் கணக்கு முடிவது 1893 நடுவில். அதனால் கதையை ஒரு வருடம் தள்ளினேன். அதில் ஒரு லாபமும் கிடைத்தது. 1806 சிப்பாய்ப் புரட்சி நடந்த தேதி என்பதால் ஜூலை 10-ஐ விட எனக்கு மனசில்லை. அன்று கோர்ட்டில் ஒரு விசாரணை வைத்திருந்தேன். 1892-இல் அது ஞாயிற்றுக்கிழமை! 1893-க்குத் தள்ளியதும் தானாகத் திங்கள் ஆகிவிட்டது. தேதி எழுதும் முன் கிழமை பாருங்கள், பழைய வருட காலண்டர் எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது.

அப்புறம் ரயில். சென்னையிலிருந்து பம்பாய் போகிற வழியில் ஹோம்ஸ் காட்பாடியில் இறங்குவதாக எழுதியிருந்தேன். ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆன என் பெரியப்பா கதையைப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, பம்பாய் போற வண்டி அரக்கோணத்துலயே அந்தப் பக்கம் திரும்பிடும். இந்த வெள்ளைக்காரன் காட்பாடிக்கு இன்னாத்துக்கு வந்தான்?"

கப்பல் ஏறத்தானே பம்பாய் போகிறார், வேறு துறைமுகம் இல்லையா என்று தேடினேன். சென்னையிலிருந்து மேற்குக் கரையில் பேப்பூர் வரை 1862-லேயே ரயில் வந்துவிட்டது, அது காட்பாடி வழியாகத்தான் போகும். இப்போது என் ஹோம்ஸ் அந்தக் கரையில் அரபுக்காரர்களின் பாய்மரக் கப்பலைப் பிடிக்கப் போகிற வழியில் காட்பாடியில் இறங்குகிறார். பெரியப்பா தலையாட்டினார்.

படி 3: யார் கதை சொல்கிறார்?

இரண்டாவது தப்பு, வாட்சன். மூலத்தில் பெரும்பாலான கதைகளைச் சொல்வது அவர்தான். அந்த மூன்று வருடமும் வாட்சன் தன் நண்பன் இறந்துவிட்டான் என்று நம்பிக்கொண்டு லண்டனில் இருக்கிறார். அவரைக் காட்பாடியில் இறக்கினால் மூலக் கதை மொத்தமும் சரிந்துவிடும். இதைச் சுட்டிக் காட்டிய வாசகர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். ஆனாலும் இரண்டு நாள் வலைப்பூ பக்கமே போகவில்லை நான்.

வாட்சனை எடுத்துவிட்டு ஹோம்ஸையே 'நான்' என்று பேச வைத்தேன். படுதோல்வி. அவருக்குத்தான் எல்லாம் உடனே தெரிந்துவிடுமே, அவர் வாயால் சொன்னால் மர்மம் எங்கே நிற்கும்? பிறகு எல்லாம் அறிந்த ஆசிரியராக நானே சொன்னேன். அது போலீஸ் அறிக்கை மாதிரி இருந்தது.

நாலாவது முறைதான் வழி கிடைத்தது. வேலூர் தந்தி ஆபீஸில் ஒரு குமாஸ்தா, பெயர் அண்ணாமலை, வயது இருபத்து மூன்று. ஆங்கிலம் தெரியும், அதனால் பேச்சுப் பிரச்சினை இல்லை. வந்திருப்பவர் ஹோம்ஸ் என்று அவனுக்குத் தெரியாது, சிகர்சன் துரை என்றே கடைசி வரை நினைத்துக்கொண்டிருப்பான். வாசகருக்குத் தெரியும். இந்த இடைவெளியிலேயே பாதி சுவாரசியம் வந்துவிடுகிறது.

வாட்சனைப் பற்றி ஹோம்ஸ் ஒரு இடத்தில் சொல்வார்: நீ பார்க்கிறாய், கவனிப்பதில்லை. பேக்கர் தெரு வீட்டு மாடிப்படியில் நூற்றுக்கணக்கான தடவை ஏறியும் அது பதினேழு படி என்று வாட்சனுக்குத் தெரியாது. உங்கள் கதைசொல்லிக்கும் இதுதான் தகுதி. விடை அவனிடம் இருக்க வேண்டும். அது விடை என்று அவனுக்குத் தெரியக் கூடாது.

படி 4: ஊரைச் சரிபாருங்கள்

உள்ளூர்தானே, எனக்குத் தெரியாததா என்ற தைரியம்தான் என்னைக் கவிழ்த்தது. கலெக்டர் ஆபீஸ் மூன்றாவது தப்பு. அன்றைக்கு வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரம் சித்தூர். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகுதான் வேலூருக்கு அந்த இடம் வந்தது. அதே மாதிரி, அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு ஓட முடியாது. அதை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் சின்னதாக வைத்தியம் ஆரம்பித்ததே 1900-இல். பாலாற்றை இன்றைய மணல்காடாக எழுதினாலும் இடிக்கும், 1903-இல் வாணியம்பாடியையே மூழ்கடித்த ஆறு அது.

கோட்டை அப்படியே நிற்கிறது, அகழியும் இருக்கிறது, வெயிலும் மாறவில்லை. இவற்றைத் தாராளமாக எழுதுங்கள்.

படி 5: துப்பு (இங்கேதான் எல்லாரும் விழுவார்கள்)

ஹோம்ஸ் முதல் நாவலிலேயே, கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, கொலைகாரன் திருச்சி சுருட்டுக் குடிப்பவன் என்கிறார். நம்ம திருச்சிதான். படித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. உடனே என் கதையிலும் ஒரு திருச்சி சுருட்டைப் போட்டேன். ஒரு வாசகர் ஒரே வரியில் கேட்டார்: "வேலூரில் அதைக் குடிக்காதவன் யாருங்க?"

லண்டனில் அது துப்பு ஆனதற்குக் காரணம் அங்கே அது அபூர்வம். ஆளை இங்கே கொண்டு வரலாம், அவருடைய துப்புகள் கூடவே கப்பலேறி வராது. இங்கே எது அபூர்வம், எது இருந்தே ஆக வேண்டும், எது இல்லாமல் இருந்தால் உறுத்தும் என்று முதலிலிருந்து யோசிக்க வேண்டும்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அந்தக் காலத்தில் தோலை ஆவாரம்பட்டையில் ஊறவைத்துத்தான் பதப்படுத்தினார்கள் என்று கம்பெனிப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வேலை செய்தவன் கையில் கறை ஏறாமல் இருக்காது. ஆகவே என் கதையில் ஒருவன் 'இருபது வருஷமா தோல் ஷாப்பில் கூலி வேலை' என்று சொல்லிக்கொண்டு வருகிறான். அவன் கையைப் பற்றி அண்ணாமலை அரை வரி சொல்கிறான்: சில்லறை வாங்க நீட்டிய உள்ளங்கை தாமரை மாதிரி இருந்தது என்று. வெறும் வர்ணனையாகப் படித்துவிட்டு எல்லாரும் தாண்டிவிடுவார்கள்.

முக்கியத் துப்பு எனக்கு நாலாவது தப்பிலிருந்துதான் கிடைத்தது. கோயில் மணி. "அப்ப கோட்டைக் கோயில்ல சாமியே இல்லியேம்மா, எந்த மணி அடிச்சுது?" என்றார் பெரியப்பா. ஜலகண்டேஸ்வரர் சந்நிதியில் லிங்கம் திரும்ப வந்தது 1981-இல். அதற்கு முன் பல தலைமுறைக்கு அங்கே பூஜையே கிடையாது. எங்கள் ஊரைக் கிண்டல் செய்யும் பழைய சொலவடையிலேயே அது இருக்கிறது. அழிக்கப் போன வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் பொறி தட்டியது: மணியோசை கேட்டது என்று நான் சொன்னால் அது தப்பு, கதையில் ஒருவன் சொன்னால் அது பொய்!

இப்போது கதை இப்படிப் போகிறது. திருட்டு நடந்த ராத்திரி எங்கே இருந்தாய் என்று கேட்டால் அந்தப் போலி ஆள், "கோட்டை வாசலில்தான் படுத்திருந்தேன், அர்த்தஜாம மணி கேட்டுத்தான் எழுந்தேன்" என்கிறான். உள்ளூர்க்காரன் அப்படிச் சொல்லவே மாட்டான். வெளியூரில் உட்கார்ந்து தயார் செய்துகொண்டு வந்த பொய் அது. ஹோம்ஸுக்கும் கோயில் விஷயம் தெரியாது, ஆனால் சரியான கேள்வி கேட்கத் தெரியும்: "நேற்று ராத்திரி மணி எத்தனை முறை அடித்தது, அண்ணாமலை?" அண்ணாமலை சிரித்துவிடுகிறான். ஏன் சிரித்தாய் என்பதில் முடிச்சு அவிழ்கிறது.

இதை வாசகரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொன்னதும் தெரியக் கூடாது. நான் செய்தது: இரண்டாம் பக்கத்தில், ஜட்காவில் வரும்போது, அண்ணாமலை ஊரை அறிமுகம் செய்கிறான். "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை, இதுதான் சார் எங்க ஊரு." துப்பை ஒரு வரிசையின் நடுவில் வையுங்கள். முதலாவதும் கடைசியும் நினைவில் நிற்கும், நடுவில் இருப்பது நழுவிவிடும். உடனே கவனத்தை வேறு பக்கம் திருப்புங்கள். என் கதையில் அடுத்த வரியிலேயே குதிரை மிரளுகிறது. (அந்தச் சொலவடையில் பெண்களைப் பற்றியும் ஒரு அசட்டு வரி உண்டு. நான் எடுத்துவிட்டேன். அண்ணாமலைக்கு அவ்வளவு பண்பு உண்டு.)

எழுதி முடித்ததும், ஹோம்ஸ் கடைசியில் விளக்கும் ஒவ்வொரு விஷயத்துக்கும் முன்பக்கத்தில் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது ஏமாற்று வேலை. என் முதல் கதையில் கடைசிப் பக்கத்தில்தான் ஒரு கடிதம் முளைத்தது, இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

படி 6: தட்டச்சும் வெளியீடும்

தமிழ்99 விசைப்பலகை முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் கை தானாக ஓடும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறையில் எனக்கு ன, ண, ந மூன்றும் எப்போதும் சண்டை. பஸ்ஸில் போனில் எழுதுவேன், ஆனால் துப்புப் பட்டியல் மட்டும் நோட்டில்தான். முடிவை முதலில் எழுதிவிட்டுப் பின்னோக்கி வாருங்கள். கதை திட்டம் போடும் செயலிகள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, கட்டம் நிரப்புவதிலேயே ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

ரசிகர்கள் எழுதும் கதைகளுக்கான ஏஓ3 (Archive of Our Own) தளத்தில் போட விரும்பினால் முதலிலேயே பதிவு செய்து வையுங்கள், அழைப்பு வரக் காத்திருக்க வேண்டும். மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். நான் மறந்தேன். ஆங்கிலக் கதைகளுக்கு நடுவில் ஒரு மாதம் அனாதையாகக் கிடந்தது.

பின்சேர்க்கை 1: 'எலிமென்டரி, மை டியர் வாட்சன்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எழுதவே வேண்டாம். அந்த வாக்கியம் அப்படியே டாயிலின் கதைகளில் எங்கும் இல்லை.

பின்சேர்க்கை 2: ஹோம்ஸை 'அவர்' என்பதா 'அவன்' என்பதா? கதைசொல்லியைப் பொறுத்தது. அண்ணாமலைக்கு அவர் துரை, அதனால் 'அவர்'. குதிரை வண்டிக்காரர் முதுகுக்குப் பின்னால் 'அவன்' என்றுதான் சொல்வார், அதையும் மாற்றாதீர்கள்.

பின்சேர்க்கை 3: குடியாத்தத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். கோயிலில் பூஜை இல்லை சரி, ஆனால் கோட்டைக்குள் சர்ச் இருந்ததே, அந்த மணியைக் கேட்டிருக்கலாமே என்கிறார். சரியான அடி. புனித ஜான் தேவாலயம் 1846-லிருந்தே அங்கே இருக்கிறது. அந்தப் போலி ஆள் 'மணி' என்று மட்டும் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். 'அர்த்தஜாம மணி' என்றதால்தான் மாட்டினான் என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். பழைய பிரதி வைத்திருப்பவர்கள் பதினேழாம் பக்கத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.