பழைய கம்ப்யூட்டருக்குப் புது ராம்: கெட்டுவிட்டது என்று முடிவுகட்டும் முன்

செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டால் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைகளுக்கு வேலை கூடிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று, ஜெராக்ஸ் கடை மூலையில் கிடக்கும் பழைய சிபியு பெட்டிக்குள்ளும் புகுந்துவிடுகிறது. இதற்கு நடுவே, மெதுவாக ஓடுகிறது என்று யாராவது ஒரு ராம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகப் பலகை) வாங்கிச் செருகியிருப்பார்கள். "அண்ணாச்சி, ராம் போட்டதிலிருந்து திரையே வரவில்லை. மதர்போர்டு போய்விட்டதோ?" என்று பெட்டியை மேசைமேல் வைப்பார்கள். பெரும்பாலும் மதர்போர்டும் போயிருக்காது, ராமும் போயிருக்காது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, அல்லது ராம் சரியாக உட்காரவில்லை. அது தெரிவதற்குள் நல்ல பொருளைக் கெட்டதென்று ஒதுக்கிவிட்டு இன்னொன்று வாங்கிவிடுகிறார்கள்.

வாங்கும் இடத்திலேயே முதல் தவறு நடக்கிறது. "டிடிஆர்3, 4 ஜிபி" என்று ராமின் தலைமுறையையும் அளவையும் மட்டும் கேட்டு வாங்குவது போதாது. இன்டெல் ஜி41 சிப்செட் (போர்டின் பாகங்களை ஒருங்கிணைக்கும் சிப்பு) உள்ள பழைய மதர்போர்டுகள் டிடிபி கடைகளிலும் பத்திரம் எழுதுபவர்களின் அறைகளிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அந்தச் சிப்செட், ராமின் மேல் உள்ள சிப்புகளில் 2 ஜிகாபிட் வரையுள்ளவற்றைத்தான் படிக்கும் (8 ஜிகாபிட் சேர்ந்தால் 1 ஜிபி); மொத்தம் 8 ஜிபி தாங்கும். ஆகவே 4 ஜிபி ராம் அதில் ஓட வேண்டுமானால், பக்கத்துக்கு 8 வீதம் 16 கறுப்புச் சிப்புகள் இருக்க வேண்டும். பின்னாளில் வந்த 4 ஜிபி ராம் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் 8 சிப், மறுபக்கம் வெறும் பச்சைப் பலகை. ஒவ்வொரு சிப்பும் 4 ஜிகாபிட். ஜி41 போர்டில் அதைப் போட்டால் திரை வராது, வந்தாலும் பாதி அளவே காட்டக்கூடும். அதே ராம், பின்னால் வந்த எச்61 சிப்செட் போர்டில் ஒரு சிணுங்கலும் இல்லாமல் ஓடும். விற்றவரோடு சண்டை போடுவதில் பயனில்லை. அவர் கொடுத்தது நல்ல ராம்தான்.

16 சிப் இருந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் சில ராம்களில் 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். அவற்றின் உள்ளமைப்பு வேறு; இன்டெல் போர்டுகளில் அவை எழுந்திருக்காது. இன்னும் சிலர் 1.35 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மின்னழுத்தத்தின்மேல் பழியைப் போடுகிறார்கள். அப்படி அச்சிட்ட டிடிஆர்3எல் ராம் 1.5 வோல்ட்டிலும் ஓடும்படி செய்யப்பட்டதே. அங்கேயும் சிப்பை எண்ணுவதுதான் வழி.

முந்தைய தலைமுறையான டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்கள்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். இறங்காத ராமை மேலும் அழுத்தினால், அதைச் செருகும் ஸ்லாட் உடையும்.

சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ராமைக் கழற்றுவது அடுத்த தவறு. பிளக் செருகியிருந்து மின்சாரமும் வந்துகொண்டிருந்தால், கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் (உள்ளே இருக்கும் மின்வழங்கிப் பெட்டி) போர்டுக்கு 5 வோல்ட் அனுப்பிக்கொண்டே இருக்கும். பிளக்கை உருவுங்கள். பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுங்கள்.

ஈரக்காற்று அடிக்கும் ஊர்களில் நான் மிகவும் நம்பும் கருவி பென்சில் ரப்பர். பழைய ராமின் பொன்னிற விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலாக, விரல் பட்ட தடத்தோடு இருக்கும். வெள்ளை ரப்பரால் மேலிருந்து கீழாக மெல்லத் தேய்த்தால் பளிச்சென்று வந்துவிடும். உப்புத்தாள் கூடாது, முலாமையே உரித்துவிடும். ரப்பர்த் துகளை ஸ்லாட் பக்கம் ஊதிவிடாமல், தள்ளி நின்று தட்டுங்கள். ஸ்லாட்டுக்குள் இருக்கும் தூசிக்கு உலர்ந்த பிரஷ். பிறகு ராமின் இரு முனையிலும் சமமாக அழுத்துங்கள். பிடிப்பான் 'டக்' என்று தானாக ஏறிக்கொள்ள வேண்டும். அதைக் கையால் தூக்கி மாட்டினால் ராம் பாதிதான் இறங்கியிருக்கும்.

அதன் பிறகும் திரை வரவில்லை என்றால், பழையதையும் புதியதையும் சேர்த்தே போட்டு இடம் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். எல்லா ராமையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பீப் ஒலி கேட்டால் மதர்போர்டும் பிராசஸரும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். பல பெட்டிகளில் அதற்கான குட்டி ஸ்பீக்கரே இருக்காது; அற்ப விலைதான், ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ஸ்பீக்கர் இருந்தும் சத்தமே இல்லையென்றால் ராமை விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ் பக்கம் பாருங்கள். பீப் வந்தால் பழைய ராமை மட்டும் போட்டுப் பாருங்கள், அடுத்துப் புதியதை மட்டும், பிறகு அதையே இரண்டாவது ஸ்லாட்டில்.

பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை நிரல்) அமைப்பை அழிக்க, போர்டில் உள்ள சிஆர்2032 என்ற வட்டப் பேட்டரியைக் கழற்றுபவர்கள் தேதியைத் திருத்த மறந்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று சொல்லி அரசு இணையதளங்கள் திறக்காது. அரசுச் சான்றிதழ் எடுக்க வந்தவர்கள் வாசலில் காத்திருக்க, ராம் போட்டதால் நெட் போய்விட்டது என்று புகார் வரும்.

8 ஜிபி போட்டும் 3 சொச்சம்தான் பயன்படுகிறது என்றால் விண்டோஸ் 32 பிட்டா என்று பாருங்கள். விண்டோஸ் 7-இன் 32 பிட் பதிப்புக்கு 4 ஜிபிதான் எல்லை. 64 பிட்டாக இருந்தும் குறைந்தால், விண்டோஸின் அமைப்புக் கருவியான எம்எஸ்கான்ஃபிக்கில் அதிகபட்ச நினைவகம் என்ற கட்டத்தில் யாரோ டிக் போட்டிருக்கலாம், எடுத்துவிடுங்கள்.

திரை வந்துவிட்டது என்றதும் பெட்டியை மூடிவிடாதீர்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டியிருந்தாலும் ராம்களைத் தனித்தனியாகச் சோதியுங்கள். எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பிழை காட்டும் ராமை மட்டும் பில்லோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.