போலீஸ்கார அப்பாவுக்கு நினைவஞ்சலி எழுதுவது எப்படி

முதலாமாண்டு நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்தால் எல்லாருக்கும் முதலில் வருவது "கடமை தவறாதவர், பாசமிகு தந்தை"தான். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள், எந்த அப்பாவுக்கும் பொருந்துகிற வரி அது.

முதலில் தேதிகள். எப்போது இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தார், எப்போது தலைமைக் காவலர் ஆனார், தேவிபட்டினமா தொண்டியா மண்டபமா, எந்த ஸ்டேஷன் எந்த வருஷம் என்பதையெல்லாம் பணிப்பதிவேட்டு நகல் இருந்தால் அதைப் பார்த்தே எழுதுங்கள், பதவியைத் தப்பாகப் போட்டால், அவரோடு வேலை பார்த்தவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

அப்புறம் அம்மாவிடம் உட்காருங்கள். நம்ம ராமநாதபுரம் பக்கம் போலீஸ் வீட்டுக் காலண்டரே வேறு. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ஊரே ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போடும், அவர் அங்கே கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு நிற்பார். அக்டோபர் 30 தேவர் ஜெயந்திக்குப் பசும்பொன் பந்தோபஸ்து. தீபாவளி அதை ஒட்டி வந்தால் வீட்டில் பலகாரம் அவருக்காகக் காத்திருக்கும். "அன்னைக்கு எத்தனை மணிக்கு வந்தார், வந்ததும் என்ன செஞ்சார்?" என்று கேளுங்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பிக் கீழக்கரை தொதல் இனிப்பை ஊட்டினார் என்றால், எண்ணெய் கசிந்த அந்தப் பொட்டலத்தோடு அப்படியே எழுதுங்கள். பெல்ட் பக்கிளுக்கு பிராசோ பாலிஷ் போடுவது யார் வேலை என்பதையும் விடாதீர்கள்.

வழக்குக் கதைகள் வேண்டுமானால் ஒன்று போதும், சம்பந்தப்பட்டவர்கள் பெயர் மட்டும் வேண்டாம்.

கோபக்காரர் என்றால் அதையும் எழுதலாம், சொந்தக்காரர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. படம் யூனிஃபார்மில் ஒன்று, கைலியில் ஒன்று. அச்சுக்குப் போகும் முன் அம்மாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள்.