ஆஸ்கர் இசை விருது யாருக்கு? பந்தயம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

2011-ல் ரஹ்மானுக்கு இன்னொரு ஆஸ்கர் உறுதி என்று பிரியாணி பந்தயம் கட்டித் தோற்றவன் நான். '127 ஹவர்ஸ்' படத்துக்காகப் பின்னணி இசை, பாடல் என்று இரண்டு பிரிவிலும் அவர் பெயர் இருந்தது, ஒன்றாவது வராதா என்று நினைத்தேன். இரண்டுமே வரவில்லை. ஆஸ்கருக்கு முன்பே தரப்படும் கோல்டன் குளோப் விருது, பின்னணி இசைக்கு அந்த ஜனவரியிலேயே 'தி சோஷியல் நெட்வொர்க்'குக்குப் போயிருந்தது, கண்ணெதிரே இருந்தும் நான் கண்டுகொள்ளவில்லை. ஆஸ்கரையும் அதுவே வாங்கியது.

அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்டது இதுதான்: எந்த இசை நன்றாக இருக்கிறது என்று யோசிக்காதீர்கள், ஓட்டுப் போடுவது யார் என்று யோசியுங்கள். பரிந்துரைப் பட்டியலைத் தேர்ந்தெடுப்பது அகாடமியின் இசைப் பிரிவு, அதாவது இசையமைப்பாளர்களும் பாடல் எழுதுபவர்களும். ஆனால் வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பது மொத்த அகாடமி, கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர். அதில் நடிகர், ஒளிப்பதிவாளர், ஒப்பனைக்காரர் எல்லாரும் உண்டு. அவர்கள் யாரும் உட்கார்ந்து வயலின்களைக் கோத்திருக்கும் விதத்தை அலசப் போவதில்லை, மனதில் நின்ற படத்துக்குத்தான் குத்துவார்கள்.

அமெரிக்கப் பாடலாசிரியர் டயான் வாரன் கதையைப் பாருங்கள். 2025 வரை பாடலுக்காக 16 முறை பரிந்துரை, ஒரு முறைகூட வெற்றி இல்லை (2022-ல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள், அது வேறு கணக்கு). இசைப் பிரிவுக்காரர்களுக்கு அவர் மேல் மரியாதை அதிகம், அதனால் அதிகம் பேர் பார்க்காத படத்தில் எழுதினாலும் பட்டியலுக்குள் வந்துவிடுவார். இறுதிச் சுற்றில் ஓட்டுப் போடுகிறவர் அந்தப் படத்தையே பார்த்திருக்க மாட்டார், அப்புறம் எங்கே ஜெயிப்பது? ஆகவே பட்டியலைப் பார்த்ததும் 'இந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்' என்று ஒரு கோடு போட்டுவிடுங்கள், பாதிப் பெயர்கள் கழிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: 2026 விழாவிலிருந்து, ஒரு பிரிவில் பரிந்துரையான எல்லாப் படங்களையும் பார்த்தால்தான் அதில் ஓட்டு என்று விதி வந்திருக்கிறது, அதனால் இந்தக் கோட்டைக் கொஞ்சம் தளர்த்தியே போடுங்கள்.

பின்னணி இசைக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. சிறந்த படத்துக்கான பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2014 முதல் 2025 வரை ஜெயித்த 12 படங்களில் 10 அந்தப் பட்டியலிலும் இருந்தவை. இல்லாத இரண்டு, 2016-ல் 'தி ஹேட்ஃபுல் எய்ட்', 2021-ல் 'சோல்'. முதலாவதற்குக் காரணம் லேசில் பிடிபடும்: அதன் இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனே, 87 வயது, அதுவரை போட்டியில் ஐந்து முறை தோற்றவர். இந்த மாதிரி 'இவருக்கு இன்னுமா கொடுக்கவில்லை' என்ற எண்ணம் பரவினால் கணக்கு மாறும். ஆனால் அதையே நம்பிவிடாதீர்கள், ஹாலிவுட் இசையமைப்பாளர் தாமஸ் நியூமன் 15 பரிந்துரைகளுக்குப் பிறகும் வெறுங்கையோடுதான் இருக்கிறார்.

அடுத்து மற்ற விருதுகள். எல்லாரும் கோல்டன் குளோப்பைத்தான் பார்ப்பார்கள், பின்னணி இசைக்கு நான் பார்ப்பது பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டா. அதே 12 வருடங்களில் பாஃப்டா 11 முறை ஆஸ்கரோடு ஒத்துப்போனது, தவறியது 2019-ல் மட்டும். குளோப் ஒத்துப்போனது 7 முறைதான். தவறிய ஐந்தில் மூன்று இசைகள் ஆஸ்கர் பட்டியலுக்கே வரவில்லை, குளோப் வாங்கிய இசை ஆஸ்கர் பட்டியலில் இல்லையென்றால் குளோப் முடிவைத் தூக்கி ஓரமாக வையுங்கள். பாடலுக்கு நிலைமை தலைகீழ். பாஃப்டாவில் பாடல் விருதே கிடையாது, குளோப்தான் வழிகாட்டி. 2015 முதல் 2025 வரை 11 வருடங்களில் 9 முறை குளோப் வாங்கிய பாடலே ஆஸ்கரும் வாங்கியது. 'நாட்டு நாட்டு' அதில் ஒன்று. 'ஆர்ஆர்ஆர்' படத்துக்கு இருந்த ஒரே பரிந்துரையே அந்தப் பாடல்தான். சிறந்த படக் கணக்கைப் பாடலுக்குப் போட்டிருந்தால் அன்றைக்கு ஏமாந்திருப்பீர்கள்.

ஒரே படத்திலிருந்து இரண்டு பாடல்கள் வந்தால் ஓட்டுப் பிரியும் என்று பயப்பட வேண்டாம். 'ட்ரீம்கேர்ள்ஸ்', 'என்சான்டட்' இரண்டும் மூன்று மூன்று பாடல்களோடு வந்து தோற்றது உண்மைதான், அதன் பிறகு ஒரு படத்துக்கு இரண்டுதான் என்று வரம்பும் வந்தது. ஆனால் இரண்டோடு வந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்', 'லா லா லேண்ட்', 'பார்பி' எல்லாம் ஜெயித்திருக்கின்றன.

விதிமுறையையும் ஒரு கண் பாருங்கள். 'ட்யூன்' இரண்டாம் பாகத்தின் இசைதான் அடுத்த ஆஸ்கர் என்று பேசியவர்கள் நிறைய. தொடர்ச்சிப் படத்தில் 80% புதிய இசை இருக்க வேண்டும் என்ற விதியில் அது போட்டிக்கே தகுதி பெறவில்லை. டிசம்பரில் குறும்பட்டியல் (பரிந்துரைக்கு முந்தைய சுருக்கப் பட்டியல்) வரும்வரை பணம் கட்டாமல் இருப்பதே நல்லது.

கடைசியாக நம் ஆட்கள் விஷயம். 2013-ல் 'லைஃப் ஆஃப் பை' தாலாட்டுக்காகப் பாம்பே ஜெயஶ்ரீ பட்டியலில் இருந்தார், எனக்கும் ஆசைதான். ஆனால் எதிரே குளோப் வாங்கி வந்த அடேலின் 'ஸ்கைஃபால்'. பந்தயச் சீட்டில் அடேல் பெயரை எழுதினேன், பின்னணி இசைக்கு 'லைஃப் ஆஃப் பை' என்று எழுதினேன். இரண்டும் சரி. 2011-ல் போன பிரியாணி அன்றைக்குத்தான் திரும்பி வந்தது.